கூசாவைச் சுற்றி ஏழு வாத்தியக்காரர்

எங்கள் வீட்டு முன்னறைச் சுவர் என்ன நிறம் என்பதில் எனக்கும் மனைவிக்கும் இன்றுவரை ஒத்துப்போகவில்லை. நான் வெள்ளை என்கிறேன். அவள் இளமஞ்சள் என்கிறாள். பெயின்ட் அடிக்க வந்தவர் எங்கள் இருவரிடமும் தனித்தனியே விருப்பம் கேட்டார். இருவரிடமும் "ஓம்" என்றார். பிறகு எதோடு எதைக் கலந்தாரோ தெரியாது. வேலை முடிந்த பின்னேரம் நாங்கள் இருவரும் அறையின் நடுவே நின்று, அவரவர் கேட்டது கிடைத்துவிட்டது என்று தலையாட்டினோம்.

"வெள்ளை எண்டால் இதுதான் வெள்ளை," என்றேன்.

"முதல்ல போய்க் கண்ணைக் காட்டுங்கோ," என்றாள் மனைவி. "ஆரைக் கேட்டாலும் சொல்லுவினம், இது நான் காட்டின நிறம்."

அவர் வாளியைக் கழுவிக்கொண்டு நின்றார். "நீர் சொல்லும்," என்றேன். "இது வெள்ளைதானே?"

"ஓம் அண்ணை."

"அப்ப நான் சொன்ன நிறம்?" என்றாள் மனைவி.

"ஓம் அக்கா. அதுதான் இது."

இரண்டு பேருக்கும் முகம் நிறையச் சிரிப்பு. அவருக்கு எங்களைவிடப் பெரிய சிரிப்பு.

அவருடைய பெயரை இங்கே எழுதப்போவதில்லை. மெலிந்த, நெடிய மனிதர். அப்போது ஐம்பது வயதுக்குள் இருக்கும். காதோர மயிரில் எப்போதும் இரண்டு மூன்று பெயின்ட் துளிகள் காய்ந்திருக்கும். நடக்கும்போது குதி நிலத்தில் படாது. அப்போதுதான் வர்ணம் பூசிய தரையில் நடப்பதுபோல நடப்பார். யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்டு, போர்த்துக்கலில் பதினொரு வருடம் ஹோட்டல்களுக்கும் வீடுகளுக்கும் வர்ணம் பூசி, அங்கேயே பாஸ்போட் எடுத்துக்கொண்டு லண்டனுக்கு வந்தவர். என்னை அண்ணை என்பார். நான் அவரைத் தம்பி என்று ஒருநாளும் கூப்பிட்டதில்லை. அந்தச் சொல் எனக்கு ஒருவனுக்கு மட்டும் உரியது. அவன் வன்னியில் இருந்தான்.

ஒருநாள் டூட்டிங் பஸ் நிறுத்தத்தில் நாங்கள் இருவரும் நின்றோம். பைகளோடு ஓடிவந்த ஒரு பெண், வந்து நின்ற பஸ்ஸைக் காட்டி, இது ஹவுன்ஸ்லோவுக்குப் போகுமா என்று கேட்டாள். அவர் உடனே "யெஸ், யெஸ்" என்றார். அவள் ஏறிவிட்டாள். பஸ் போய்விட்டது. அந்த பஸ் ஹவுன்ஸ்லோப் பக்கம் தலைவைத்தும் படுக்காது.

"என்ன வேலை பாத்தீர்?" என்றேன். "உது எங்க போற பஸ் எண்டு உமக்குத் தெரியாதோ?"

"தெரியும் அண்ணை."

"பேந்தேன் ஓமெண்டனீர்?"

"அவவின்ர முகத்தைப் பாத்தனீங்களோ? நல்லாக் களைச்சுப் போனா. இன்னும் அரை மணித்தியாலம் நில்லுங்கோ எண்டு எப்பிடிச் சொல்லுறது?"

"அவ இப்ப எங்க போய் இறங்கப்போறாவோ!"

"அங்கயும் ஆக்கள் இருப்பினம்தானே அண்ணை. ஆரும் சொல்லுவினம்," என்றார். அன்று இரவு முழுவதும் நான் அந்தப் பெண்ணை நினைத்துக் கவலைப்பட்டேன். அவர் நினைத்திருக்க மாட்டார். எதிரே நிற்கும் முகம் சுருங்கக்கூடாது. அதற்கப்பால் உலகம் அவருக்குத் தேவையில்லை.

அவர் இருந்தது ஸ்டொக்வெல்லில், ஒரு வீட்டின் பின்னறையில். அந்தப் பக்கத்துத் தெருவில் போர்த்துக்கேயரின் கடைகள் நிரை நிரையாக இருக்கும். அவர்களுள் இல்தா என்ற பெண்மணியின் கோப்பிக்கடைக்கு என்னை அடிக்கடி கூட்டிக்கொண்டு போவார். இல்தாவுக்கு என்னைவிடப் பத்து வயது குறைவாக இருக்கலாம். மூக்குக்கண்ணாடியைச் சங்கிலியில் கோத்து மார்பில் தொங்கவிட்டிருப்பாள். அவளுடைய ஆங்கிலமும் என்னுடைய ஆங்கிலமும் ஒரேயளவு நொண்டும். ஆகவே அவர்தான் நடுவில் நின்று மொழிபெயர்ப்பார்.

அந்தக் கடையின் சுவர்கள் நிறைய மண் தட்டுகள். சிவந்த மண், மேலே தேன்நிறப் பூச்சு. நான் போன முதல்நாளே எண்ணிவிட்டேன். தட்டுகள் பதினேழு. அவற்றில் பதினொன்றில் வாத்தியக்காரர் இருந்தார்கள். தொப்பி போட்ட ஆண்கள், பாவாடை விரித்த பெண்கள், எல்லோருக்கும் வெற்றிலை போட்டதுபோலச் சிவந்த கன்னம். அக்கோடியன் வாசிப்பவர்கள் நான்கு பேர், பெருமுரசு அடிப்பவர்கள் இரண்டு பேர், இரும்பு முக்கோணத்தைக் கம்பியால் தட்டுபவர்கள் இரண்டு பேர், மிச்சப்பேர் கித்தார்காரர். மேலே ஒரு பலகையில், களிமண்ணில் பிடித்து வர்ணம் தீட்டிய பாண்ட் கோஷ்டி ஒன்று நின்றது. ஒன்பது பேர், ஒன்பது பேருக்கும் ஒரே மீசை.

எண்ணாமல் என்னால் இருக்க முடியாது. நில அளவைத் திணைக்களத்தில் படம் வரைந்தவன் நான். ஒரு வேலிக் கட்டை விடுபட்டாலும் இரண்டு குடும்பம் வெட்டிக்கொள்ளும் ஊரில் வேலை செய்தால் அப்படித்தான் ஆகும். கடைச் சுவரில் உண்மையான கித்தார் ஒன்றும் தொங்கியது. அதில் பன்னிரண்டு தந்தி. தட்டிலிருந்த கித்தார்களிலோ ஒன்றுக்கு ஐந்து, ஒன்றுக்கு எட்டு, ஒன்றுக்கு மூன்றே மூன்று.

"கேளும் இவவை," என்றேன். "மூண்டு தந்தியில உந்தாள் என்னத்தை வாசிக்கப்போறான் எண்டு கேளும். கீறினவனுக்கு எண்ணத் தெரியாதோ?"

அவர் போர்த்துக்கேய மொழியில் நீளமாக ஏதோ சொன்னார். இல்தா கண் கலங்கி, உள்ளே போய், சூடான முட்டைப் பணியாரம் ஒன்றைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

"நான் என்ன சொன்னன், நீர் என்ன சொன்னீர்?"

"நீங்கள் சொன்னதைத்தான் அண்ணை. கொஞ்சம் வடிவாச் சொன்னன்."

இன்னொரு நாள் அவர் கடையிலிருந்த சாமான்களை ஒவ்வொன்றாகத் தொட்டு, எங்கள் ஊரில் அதற்கு என்ன பெயர் என்று இல்தாவுக்குச் சொல்லிக் காட்டினார். கதிரை, மேசை, யன்னல், அலுமாரி, சாவி. எல்லாம் அவளுடைய மொழியிலிருந்து எங்களிடம் வந்தவை. அவள் ஒவ்வொரு சொல்லுக்கும் கைதட்டினாள்.

"சொல்லைத் தந்தவை சரி," என்றேன். "நல்லூர்க் கோயிலை இவவின்ர ஆக்கள் இடிச்சதையும் சொல்லும்."

அவர் சொன்னார். இல்தா நெஞ்சில் கைவைத்து எனக்குத் தலைகுனிந்தாள். சந்தேகத்தோடு அவரைப் பார்த்தேன்.

"உங்கட ஊரைப் போல எங்கட ஊரிலயும் பெரிய கோயில் இருக்கெண்டு சொன்னன்," என்றார். "பாவம், அவவோ இடிச்சவ?"

இதையெல்லாம் அப்போது நான் சிரித்துக்கொண்டுதான் வீட்டில் சொன்னேன்.

2009 தை மாதம் வன்னியில் தம்பியோடு இருந்த தொடர்பு அறுந்தது. அதுவரை எப்படியாவது மாதத்தில் ஒரு தடவை யாரோ ஒருவருடைய போனிலிருந்து பேசுவான். கல்யாணம் செய்துகொள்ளாதவன், பள்ளிக்கூடத்தில் பூகோளம் படிப்பித்தவன். பேசும்போதே விரல்களால் எதையாவது தட்டிக்கொண்டிருப்பான். அது போனுக்குள்ளாலும் கேட்கும். சிறு வயதிலிருந்தே அவனுக்கு எல்லாம் தவில்தான். அவனுக்கு நடக்க வேண்டியது எதுவானாலும் செய்ய என்னைத் தவிர ஆள் இல்லை. அவனுக்கும் எனக்கும் இடையில் பிறந்தவர்கள் ஒருவரும் மிஞ்சவில்லை.

என்னால் வீட்டில் இருக்க முடியவில்லை. டி.வி.யை நிறுத்தவும் முடியவில்லை, பார்க்கவும் முடியவில்லை. அவர் வந்து, "வெளிக்கிடுங்கோ அண்ணை, இல்தாட்டப் போவம்," என்று இழுத்துக்கொண்டு போவார். அங்கே உட்கார்ந்து அதே தட்டுகளைத் திரும்பத் திரும்ப எண்ணுவேன். அப்படி ஒருநாள்தான் எனக்கு எரிச்சல் வந்தது.

"நாப்பது வருசம் எங்களை ஆண்டவங்கள் இந்தப் போர்த்துக்கேயர்," என்றேன். "கொண்டுபோகாத சாமான் இல்லை. இவ்வளவு வாத்தியக்காரரைச் செய்துவைச்சிருக்கிறாங்கள். ஒரு தவில்காரனைக் காணேல்லையே? ஒருத்தனாவது அந்த இழவைக் கேட்டிட்டுப் போய் அவங்கட குயவனிட்டச் சொல்லியிருக்க மாட்டானோ? எங்கயாவது ஒண்டு இருக்கும். இருக்கவேணும்."

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "ஓம் அண்ணை," என்றார். "இருக்கும்."

பங்குனியில் ஒருநாள் பழைய துவாயால் சுற்றிய ஒரு பொருளோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். பிரித்தால், கழுத்து ஒடுங்கிய மண் கூசா ஒன்று, முழங்கை உயரம். அதன் வயிற்றைச் சுற்றிச் சின்னச் சின்ன மண் வாத்தியக்காரர் ஒட்டி நின்றார்கள். மேசையில் வைத்து மெல்லத் திருப்பினேன். அக்கோடியன். நான்கு தந்திக் குட்டிக் கித்தார். வயலின். முக்கோணம். குழல். பெருமுரசு. ஏழாவது ஆள் வந்ததும் என் கை நின்றுவிட்டது.

அவனுக்குத் தொப்பி இல்லை. தோளிலிருந்து வாரில் குறுக்காகத் தொங்கியது பீப்பா வடிவ மேளம். இடக்கையில் கட்டையான கோல். வலக்கை விரித்திருந்தது. அந்த ஐந்து விரல்களின் நுனியிலும் வெள்ளையாக ஐந்து உறை. தவில் வாசிப்பவர்கள் மாட்டும் விரல்கூடு. பூதக்கண்ணாடி எடுத்து இன்னொரு முறை எண்ணினேன். ஐந்து.

"எங்க எடுத்தனீர்?"

"வடக்குப் பக்கம் ஒரு சந்தையில அண்ணை. அங்க இருக்கேக்க ஒரு கிழவி தந்தவ. கனநாளாப் பெட்டிக்குள்ள கிடந்தது. நீங்கள் சொன்ன பிறகுதான் நினைவு வந்தது."

"எத்தினை வருசப் பழசு?"

"நீங்கள் எத்தினை எண்டு நினைக்கிறியள்?"

"நூறு இருக்கும்."

"ஓம் அண்ணை. அவவும் நூறுக்குக் கிட்ட எண்டுதான் சொன்னவ."

பிழை இதோ இவ்வளவு வெளிச்சமாக என் மேசையில் இருந்தது: போர்த்துக்கேயர் எங்கள் ஊரை விட்டுப் போய் முந்நூற்றைம்பது வருடம், கூசாவுக்கு வெறும் நூறு. எண்ணத் தெரிந்தவனுக்கு ஏன் அது படவில்லை என்று கேட்பவர்கள், அந்த வருடத்துப் பங்குனியில் எங்களில் ஒருவராக லண்டனில் இருந்து பார்த்திருக்க வேண்டும். ஒவ்வொரு நாளும் எங்களிடமிருந்து ஏதாவது போய்க்கொண்டே இருந்தது. எங்களிடமிருந்து எடுத்த ஒன்றை ஒருவன் தூர தேசத்தில் பத்திரமாக வைத்திருந்தான் என்பது எனக்குச் சோற்றைவிடப் பெரிதாக இருந்தது. அன்றுதான் பல கிழமைக்குப் பிறகு ஒழுங்காகச் சாப்பிட்டேன் என்று மனைவி சொன்னாள். அவர் எதிரே இருந்து நான் சாப்பிடுவதையே பார்த்தார்.

சித்திரை கடைசியில், கடலும் காடும் தாண்டி ஆயிரக்கணக்கில் சனம் வெளியே வந்த செய்தி வந்தது. அவருடைய மச்சான் ஒருவர் வன்னிக்குள் இருந்தவர். எப்போதாவது அங்கிருந்து போன் எடுப்பார். நான் அவரைப் பிடித்துக் கேட்டேன்.

"உம்மட மச்சானுக்கு என்ர தம்பியைப் பற்றி ஏதும் தெரியுமோ?"

"ஓம்," என்றார்.

"ஓமெண்டால்? உயிரோட இருக்கிறானோ?"

"ஓம் அண்ணை. வெளியில வந்திட்டாராம். காம்ப்பில இருக்கிறாராம்."

மனைவி உடனே விளக்கேற்றினாள். நான் கதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் ஒரு சின்னச் செய்தி கொண்டுவருவார். மெலிந்து போனானாம். தாடி வளர்த்திருக்கிறானாம். ஒருநாள் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "அண்ணை இப்பவும் எல்லாத்தையும் எண்ணிக்கொண்டோ இருக்கிறார் எண்டு கேட்டவராம்."

அந்த ஒரு வார்த்தையில் எனக்கிருந்த கடைசிச் சந்தேகமும் போய்விட்டது. அப்படிக் கேட்க உலகத்தில் என் தம்பியால்தான் முடியும் என்று நினைத்தேன்.

வெளியே வந்தவர்களின் பெயர்கள் அங்குமிங்குமாகக் கிடைத்தன. அவன் பெயர் இல்லை. "எல்லாரையும் இன்னும் பதியேல்லையாம்," என்றார். நானும் அதைத்தான் மற்றவர்களுக்குச் சொன்னேன்.

தை மாதத்திலிருந்தே வெள்ளிக்கிழமைகளில் கோயிலுக்குப் போய்த் தம்பியின் பெயருக்கு அர்ச்சனை செய்வித்து வந்தேன். அவரும் கூட வருவார். ஒரு வெள்ளி ஐயர் நட்சத்திரத்தைப் பிழையாகக் கேட்டு "திருவோணம்" என்று தொடங்கிவிட்டார். நான் வாயெடுக்க முந்தி அவர் எட்டி, "உத்தராடம் ஐயா, உத்தராடம்," என்று திருத்தினார். அவருக்கு என் தம்பியின் நட்சத்திரம்கூட மனப்பாடம் என்று எனக்கு நெஞ்சு குளிர்ந்தது.

வைகாசியில் எல்லாம் முடிந்தது. லண்டன் பாராளுமன்றத்துக்கு முன்னால் அழுது களைத்த எங்கள் சனம் வீட்டுக்குத் திரும்பியது. எங்கள் தெருவில் மட்டும் மூன்று வீடுகளில் சா. நான் அந்த மூன்று வீட்டுக்கும் போய் ஆறுதல் சொன்னேன். திரும்பி வரும்போது எனக்கு வெட்கமாக இருக்கும். என் வீட்டில் ஒருவரும் சாகவில்லையே என்ற வெட்கம்.

கோடை போய் ஐப்பசி வந்தது. எங்கள் முதியோர் கழகத்தில் கூசாவைக் காட்டி ஒரு பேச்சுப் பேசும்படி கேட்டிருந்தார்கள். நான் ஆயத்தம் செய்தேன். கூசா வந்த ஊரின் பெயர் மட்டும் எனக்கு வேண்டியிருந்தது. அவரிடம் கேட்டால் ஒரு தடவை ஒரு பெயர், அடுத்த தடவை இன்னொரு பெயர் வந்தது. மறந்திருப்பார் என்று நினைத்தேன். அவர் ஃபாரஸ்ட் கேட் பக்கம் வேலைக்குப் போயிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை, கூசாவைப் பையில் போட்டுக்கொண்டு தனியே இல்தாவின் கடைக்குப் போனேன்.

அவள் கூசாவைக் கண்டதும் இரண்டு கையாலும் வாங்கினாள். "கடைசியில் என்னிடம் கொண்டுவந்து காட்டினீர்களே!" என்றாள். அவளுடைய நொண்டி ஆங்கிலத்தில் அவள் சொன்னதை இங்கே நேராக எழுதுகிறேன். "என் தம்பியின் மனைவி செய்தது. நல்ல கைக்காரி. மாசி மாதத் திருவிழாவுக்கு நான் ஊருக்குப் போனபோது உங்கள் நண்பர் படம் கீறித் தந்துவிட்டார். வரும்போது என் பெட்டிக்குள் உடுப்புக்கு நடுவே வைத்துக் கொண்டுவந்தேன். இந்த ஏழாவது ஆளைப் பார்த்து அவள் என்ன கேட்டாள் தெரியுமா? இவனுக்கு ஐந்து விரலிலும் காயமா, ஏன் கட்டுப் போட்டிருக்கிறான் என்று கேட்டாள்!"

அவள் சிரித்தாள். நான் சிரிக்க முயன்றேன். மாசி மாதம் செய்த கூசா. நூறு வருடம் இல்லை, எட்டு மாதம். கழகத்தில் என்ன சொல்வது என்றுதான் முதலில் நினைத்தேன். சபையில் தலைகுனிய வைத்துவிட்டாரே என்று உடம்பு சுட்டது.

"பழசு மாதிரி இருக்கிறதே," என்றேன்.

"தேயிலைச் சாயம்," என்றாள். "இந்தக் கடையில், அதோ அந்த மேசையில் இருந்துதான் பூசினார். ஒரு பின்னேரம் முழுக்கப் பூசினார். பூசும்போது அழுதார்." பிறகு சிரிப்பை நிறுத்தி என் கைமேல் கைவைத்தாள். "உங்களிடம் நான் துக்கம் சொல்லவில்லை. நீங்கள் அதைப் பற்றிப் பேச விரும்பவில்லை என்று அவர் சொன்னார். உங்கள் தம்பிக்கு மேளம் பிடிக்குமாமே. அவர் செத்துப்போனார், என் நண்பருக்கு ஆறுதலாக இது வேண்டும் என்று கேட்டுத்தான் செய்வித்தார். கடவுள் அவருக்கு அமைதி தரட்டும்."

சுவரில் தட்டுகள் இருந்தன. எத்தனை என்று எனக்குத் தெரியவில்லை.

அவர் இல்தாவிடம் சொன்னது பொய்யாக இருக்கக்கூடாதா என்று தெருவில் நடந்துகொண்டே யோசித்தேன். ஆளுக்கொரு கதை சொல்பவர்தானே. ஆனால் அவர் பொய் சொல்வது எதிரே இருப்பவர் கேட்க விரும்புவதை. என் தம்பி செத்தான் என்று கேட்க இல்தாவுக்கு என்ன விருப்பம் இருக்க முடியும்? அவளுக்குச் சொன்னதுதான் உண்மை. எனக்குச் சொன்னது எனக்காகச் செய்தது.

அவருடைய அறைக் கதவடியில், படிக்கட்டில் உட்கார்ந்து காத்திருந்தேன். வேலை முடிந்து வந்தவர் என்னைக் கண்டதும் சிரித்தார்.

"என்ன அண்ணை, படியில இருக்கிறியள்? குளிரெல்லே. வாங்கோ, தேத்தண்ணி போடுறன்."

உள்ளே போனேன். கதிரையைக் காட்டினார். நான் இருக்கவில்லை.

"என்ர தம்பி செத்திட்டானோ?"

கேத்திலில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார். குழாயைப் பூட்டினார்.

"ஓம் அண்ணை."

"எப்ப தெரியும்?"

"மாசி தொடக்கத்தில. மச்சான் எடுத்துச் சொன்னவர். ஷெல் விழுந்து பங்கருக்குள்ளேயே... அதிலயே மூடிப்போட்டினமாம்."

"சித்திரையில நான் கேக்கேக்க?"

"நீங்கள் செத்திட்டானோ எண்டு கேக்கேல்லை அண்ணை. உயிரோட இருக்கிறானோ எண்டு கேட்டியள். கதிரையைப் பிடிச்சுக்கொண்டு கேட்டியள். எனக்கு ஏலாமப் போச்சு."

"தாடியோட இருக்கிறான் எண்டீர். நான் எண்ணுறனோ எண்டு கேட்டான் எண்டீர்."

அவர் கேத்திலை மேசையில் வைத்தார்.

"கோயிலில பக்கத்தில நிண்டீரே. துடக்கு வீட்டுக்காரன், முப்பத்தொரு நாள் படி மிதிக்கக்கூடாதவன், செத்தவன்ர பேருக்கு ஆயுள் கேட்டு அர்ச்சனை செய்விக்கிறான். நீர் பக்கத்தில நிண்டு உத்தராடம் எண்டு எடுத்துக் குடுத்தீர். உமக்கு நாக்கு எப்பிடி வந்தது?"

"இண்டைக்குச் சொல்லுவம், நாளைக்குச் சொல்லுவம் எண்டுதான் அண்ணை..."

"ஊரே அழேக்க நான் அழேல்லை. மூண்டு வீட்டில போய் அழாதேங்கோ எண்டு சொன்னன். என்ர அழுகையையும் எடுத்துப்போட்டு, அதுக்குப் பதிலா இந்த மண்ணைத் தந்தனீர், என்ன?"

"நீங்கள் சாப்பிட்டனீங்கள் அண்ணை," என்றார். "அண்டைக்கு நீங்கள் சாப்பிட்டனீங்கள்."

அதை அவர் ஒரு நியாயமாகவே சொன்னார். அதுதான் இன்றுவரை எனக்கு ஆறாதது. அவருக்கு வெட்கம் இல்லை. என் முகத்தில் தெரிந்த வருத்தம் மட்டுமே அவருக்குத் துன்பமாக இருந்தது. அதைத் துடைக்க வழி தேடி அவர் கண்கள் அறை முழுவதும் அலைந்தன.

எத்தனை வெள்ளிக்கிழமை என்று எனக்குத் தெரியும். அந்த எண்ணிக்கையை மட்டும் எழுத மாட்டேன்.

கூசாவை அவருடைய கட்டிலில் வைத்தேன். வெளியே வரத் திரும்பியபோதுதான் ஒன்று உறைத்தது. தம்பிக்கு அந்தியேட்டிக் கிரியை செய்ய வேண்டும். பிறகு வருடாவருடம் திவசம் செய்ய வேண்டும். நாள் தெரியாமல் எதுவும் செய்ய முடியாது. அவரைவிட்டால் அதைக் கேட்கவும் எனக்கு ஆள் இல்லை.

"உம்மட மச்சான்ர நம்பரைத் தாரும்."

"வைகாசிக்குப் பிறகு அந்த நம்பர் வேலை செய்யேல்லை அண்ணை. அவரும் இருக்கிறாரோ தெரியாது."

"அப்ப நீரே சொல்லும். எந்த நாள்? எனக்குத் திதி வேணும்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். நெற்றியிலிருந்து நாடிவரை மெதுவாகப் பார்த்தார்.

"ஏகாதசி அண்ணை," என்றார். "தை மாதத்து வளர்பிறை ஏகாதசி."

"மச்சான் சொன்னவரோ?"

"ஓம் அண்ணை."

பதுங்குகுழிக்குள் கிடந்த சனத்தில் யார் பஞ்சாங்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்? ஏகாதசியில் போவது எங்கள் சனத்தில் எல்லோரும் தங்களவருக்கு விரும்புகிற சாவு. கேட்டவன் மனம் ஆறுவதற்கு அதைவிட நல்ல நாள் பஞ்சாங்கத்தில் இல்லை. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இருந்தும் அந்த மச்சான் உண்மையிலேயே சொல்லியிருக்கவும் கூடும். ஒருவன் ஏகாதசியில் சாகவும் செய்கிறான்தானே.

அதன்பிறகு நான் அவரோடு பேசவில்லை. அந்தியேட்டியன்று கூப்பிடாமலே வந்தார். அடுக்களையில் நின்று பூசணிக்காய் வெட்டினார், பந்தியில் இலை எடுத்தார், வந்தவர்கள் கேட்டதற்கெல்லாம் தலையாட்டினார். மனைவி அவருக்குச் சாப்பாடு போட்டாள். நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை. பிறகு பேர்மிங்ஹாம் பக்கம் போய்விட்டார் என்று கேள்வி. அங்கும் அவரைப்போல ஒரு நல்ல மனிதரைக் காணமுடியாது என்றுதான் சொல்கிறார்களாம்.

திதி தெரியாதவர்களுக்கு அமாவாசையில் செய்யலாம் என்று ஐயர் சொன்னார். மனைவியும் அதையே சொன்னாள், சந்தேகத்தில் செய்வதைவிட அது மேல் என்றாள். அவர்கள் சொல்வது சரி. பத்துத் தடவை யோசித்தாலும் அது சரி. ஆனால் தை பிறந்ததும் பஞ்சாங்கத்தை எடுத்துப் பக்கத்தைப் புரட்டுகிறேன். ஏகாதசி எந்தக் கிழமை விழுகிறது என்று பார்க்கிறேன். அந்தக் கிழமை வாழையிலை வாங்கிவரும்படி மனைவியிடம் சொல்கிறேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு கடைக்குப் போகிறாள்.